மடியில் வைத்தவனே மாமன்

மதராஸில் இருக்கும் மகனுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நானே சொன்னால் உள்ளதோடு நிற்கும்; ஊரார் சொன்னால் கைகால் முளைத்து உன்னிடம் வந்து சேரும். நம்முடைய கிட்டங்கிப் பிள்ளைகள் இல்லத்துக்கு நான் செயலாளர் ஆனது இரக்கத்தால் அல்ல, தூக்கத்தால். அந்த வருஷம் கரிசல் காடெங்கும் வாந்திபேதி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அம்மை. தாய் தகப்பனை இழந்து நிற்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கோவில்பட்டி வியாபாரிகள் கூடினோம். கூடினோம் என்று கௌரவமாகச் சொல்கிறேன்; நான் போனது அங்கே கொடுத்த மொச்சைச் சுண்டலுக்கும் சுக்குக் காப்பிக்கும். இரண்டும் உள்ளே போனதும் கண் சொருகியது. தலைவர், அதாவது பருத்தி வியாபாரம் பார்த்த நம் பெரிய அண்ணாச்சி, "செயலாளர் வேலையை நீரு பாக்கீரா வே?" என்று என்னைக் கேட்டிருக்கிறார். என் தலை சரியாக அந்த நேரம் பார்த்து முன்னால் விழுந்திருக்கிறது. கை தட்டும் சத்தத்தில் விழித்தேன். வேறு யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்ற சந்தோஷத்தில் எல்லாரையும் விடப் பலமாக நானும் தட்டினேன். இன்றுவரை நான் எதற்காவது தலையாட்டினால் உன் அம்மா, "முழிச்சுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வது இதனால்தான்.

அடுத்த மாதம் உனக்கும் பேச்சிக்கும் கல்யாணம். பத்திரிகை கொடுக்கப் போகும் வீடுகளில் எல்லாம், "பொண்ணு எந்த வகையறா?" என்று என் பக்கமாகக் குனிந்து கேட்கிறார்கள். "என் மடி வகையறா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன். பேச்சிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் நான்; மடியில் வைத்தவன் தாய்மாமன்; தாய்மாமன் மகன் முறைமாப்பிள்ளை. உன்னைவிட உரிமையுள்ள மாப்பிள்ளை இந்தப் பூமியில் கிடையாது. இதில் ஒரே சிக்கல், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தகப்பனாக நான் வாசலில் வந்து இறங்க வேண்டும். பெண்ணுக்குத் தாய்மாமனாக அதே வாசலில் நின்று சந்தனக் கிண்ணத்தை நீட்டி என்னை நானே வரவேற்கவும் வேண்டும். சம்பந்தி மரியாதையில் குறை வந்தால் யாரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று தெரியவில்லை.

போன வாரம் மீரான் பாய் கடைக்கு வந்திராவிட்டால் இந்தச் சிரிப்போடு கடிதத்தை மடித்து ஒட்டியிருப்பேன். பாயை உனக்குத் தெரியும். ஜவுளி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போனவர், இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே கடை போட்டிருக்கிறார். இல்லத்துக்கு ஆரம்பத்திலிருந்து என்னோடு உழைத்தவர். வந்தவர் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நம்ம கடை வாசல்ல ஒரு ஆள் வந்து நின்னாரு. வயசாளி. மண்டை காயுத வெயில், குடையை விரிக்காமக் கையிலயே புடிச்சிருக்காரு. 'கிட்டங்கிப் பிள்ளை பேச்சிக்குக் கல்யாணமாமே, எங்கன வச்சு நடக்குது?'ன்னு கேக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க பாய்?"

"நான் என்னத்தச் சொல்ல? குனிஞ்ச தலை நிமிராமத் துணியை அளந்தேன். நிமிந்து பாத்தா ஆளைக் காணோம்."

நீ சின்னப் பையன் என்பதால் அப்போது உன்னிடம் சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. பேச்சிக்கும் முழுவதும் சொன்னதில்லை. இனி மறைக்க முடியாது. கல்யாண வாசலில் நிற்கப்போகிறவன் நீ. தெரிந்துகொண்டு நில்.

பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்றைத் தலைவர் இல்லத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார். எத்தனை தடவை பெருக்கினாலும் சுவர் இடுக்கிலிருந்து பஞ்சு பறந்து பிள்ளைகளின் தலைமயிரில் உட்காரும். காலையில் பார்த்தால் எல்லாரும் ஒரே ராத்திரியில் நரைத்துப்போன மாதிரி இருப்பார்கள். வீட்டுக்கு வீடு பானை கொடுத்திருந்தோம். உலையில் போடும்போது ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். வாரம் ஒருநாள் போய் வாங்கி வருவோம். சமையலும் காவலும் பூரணம் அக்கா. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். அவளிடம் ஆறுதல் சொல்லப் போனவர்கள் ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள். எனக்குப் புளி உருட்டும் வேலை கிடைத்தது.

பிள்ளைகள் மாட்டுவண்டியில் வருவார்கள். வண்டி மேற்காலில், அதாவது நுகத்தடியில், வேப்பங்குலை கட்டியிருந்தால் அம்மை வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்வோம். வண்டிக்காரன் வாசலில் இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மாட்டைத் திருப்புவான். ஏன் என்றால், அம்மை கண்ட வீட்டில் யாரும் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆத்தாளும் கூடக் கிளம்பி வந்துவிடுவாள் என்று நம் பக்கத்தில் ஒரு பயம். அந்தப் பயத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் இல்லத்துக்கு வந்த பிறகும் யாரிடமும் விடைபெற மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றாலும் சத்தமில்லாமல் போவார்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது திரும்பினால் பக்கத்தில் இருந்த பிள்ளை இருக்காது. எனக்கு அது பழகவே இல்லை.

அந்த ஆள் முதல் தடவை வந்தது மாசி மாதம். சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைச் சட்டை, கையில் குடை, ஓலைக் கொட்டானில் சேவு. பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வந்த சீனி என்ற பையனுக்குத் தான் தாய்மாமன் என்றார். எப்போதும்வென்றான்தான் தன் ஊர் என்றார். மெதுவான குரல். கேட்பவன் இரண்டடி முன்னால் போக வேண்டும். நம்முடைய இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சித்தப்பனோ பெரியப்பனோ பிள்ளையைக் கேட்டு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட வந்து சொல்ல வேண்டும். தாய்மாமனுக்கு அது தேவையில்லை. தாய்மாமனிடம் சாட்சி கேட்பது செத்துப்போன தாயைச் சந்தேகப்படுவது போல என்று தலைவர் சொல்வார். எனக்கு ஒரு வியாதி உண்டு, மகனே. வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தால் என் முதுகு தானாக வளையும். அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தேன். பஸ் வந்ததும் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு பேருக்கும் இடம் பிடித்தேன். "அடுத்த பொங்கலுக்குக் கூட்டிட்டு வாரேன், பிள்ளைகளப் பாத்துட்டுப் போவட்டும்" என்றார். சீனி அழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பையன் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பொங்கல் வந்தது. பூரணம் அக்கா சீனிக்கென்று ஒரு கரும்பை ஒதுக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது காய்ந்து, எறும்பு மொய்த்து, கடைசியில் அடுப்புக்குப் போனது. "வேலை சோலி இருக்கும்" என்றேன். "இருக்கும், இருக்கும்" என்றாள் அவள். அவள் ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னால் அதை நம்பவில்லை என்று அர்த்தம்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பிள்ளைகள் புதிதாக ஒரு விளையாட்டு விளையாடுவதைப் பார்த்தேன். ஒரு பையன் விளக்குமாற்றைக் குடையைப் போலக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவான். மற்றவர்கள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். ஓடக்கூடாது. சிரிக்கக்கூடாது. குடைக்காரன் ஒருவர் தலையில் கை வைத்து, "மாமன் வந்திருக்கேன்" என்பான். தொடப்பட்ட பிள்ளை கிணற்றடிக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். அதன் பிறகு அதன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவரும் கிணற்றடிக்குப் போக வேண்டும். கடைசியில் சுவரோரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கிணற்றுக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். முதலில் நான் சிரித்தேன். நல்ல விளையாட்டு, காதுக்குத் தொந்தரவில்லை என்று தலைவரிடம் பெருமையடிக்கவும் செய்தேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் அந்த விளையாட்டு இன்னதென்று புரிந்தது. நாளைக்கு நீயும் பிள்ளை குட்டி பெறுவாய். பிள்ளைகள் சத்தம் போட்டால் நீ பாட்டுக்குப் பேப்பர் படி. சத்தம் நின்றால் எழுந்து ஓடு.

மீரான் பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் அடுத்த சந்தைக்கு எப்போதும்வென்றானுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே நின்று சொன்னார்.

"ஆள் உண்டு அண்ணாச்சி. ஆனா வீடு பூட்டிக் கிடக்கு. அவரு யாருகிட்டயும் பேச்சு வச்சுக்கிட மாட்டாராம். போன வருஷம் மாசியில ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு ரெயில் ஏறுனாராம். எந்த ஊருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. கொஞ்ச நாள் கழிச்சு வந்தாராம், ஒத்தையில."

"பையன்?"

"அதான் சொல்லுதேனே அண்ணாச்சி. ஒத்தையில."

தலைவரிடம் போனேன். அவர் பருத்தியைக் கையில் பிய்த்து இழை பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்கயாவது வேலையில சேத்து விட்டிருப்பாம் வே. படிக்க வச்சிருப்பாம். எல்லாத்தையும் வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்காதேயும்" என்றார். அப்படியும் இருக்கலாம்தானே என்று நானும் திரும்பி வந்தேன். மனசுக்குச் சோம்பல் வந்துவிட்டால் நல்ல காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

அதற்கு முந்தின மாதம்தான் பேச்சி வந்திருந்தாள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளை. தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் அம்மையில் போய்விட்டார்கள். அவளுக்கும் கண்டு இறங்கியிருந்தது. முகம், கழுத்து, காது மடல் வரைக்கும் புதுத் தழும்பு. ஆறு வயசிருக்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பூரணம் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கும் கிணற்றுக்கும் நடப்பாள். அவள் விளையாடவும் இல்லை, ஆனால் அந்த விளையாட்டு நடக்கும்போது மட்டும் கண்ணெடுக்காமல் பார்ப்பாள்.

வைகாசி ஆரம்பத்தில் அந்த ஆள் மறுபடி வந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே குடை. நான் கடையில் இருந்தேன். பூரணம் அக்கா ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"அவம் வந்திருக்கான். பேச்சியைக் கேக்கான். அவளுக்கும் அவந்தான் தாய்மாமனாம். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், புதுத்துணியோட வந்து கூட்டிட்டுப் போவானாம். தலைவரு சரின்னு சொல்லிட்டாரு!"

செருப்பைக்கூடப் போடாமல் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அந்த ஆள் போய்விட்டிருந்தார்.

"அண்ணாச்சி, பசுவந்தனையிலயும் மாமன், பாஞ்சாலங்குறிச்சியிலயும் மாமனா? ஊர் ஊருக்கா ஒருத்தன் மாமனா இருப்பான்?"

"ரெண்டு தங்கச்சியை ரெண்டு ஊர்ல கட்டிக் குடுத்திருப்பாம். அதிலென்ன வே இருக்கு?"

"அப்போ சீனி எங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லா இருக்கான்னு சொன்னாரு. தாய்மாமன்கிட்ட அதுக்கு மேல என்ன கேக்க? நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளையை நம்ம போய்க் கேட்டாலும் இப்படித்தான் வாசல்ல நிறுத்தி விசாரிப்பானா?"

அவர் கெட்டவர் இல்லை, மகனே. வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர். போலீசுக்குப் போகலாம் என்றால், என்ன சொல்லிப் போவது? ஒரு மனுஷன் குடை வைத்திருக்கிறான், பிள்ளைகள் விளக்குமாற்றை வைத்து விளையாடுகின்றன என்றா? வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். நீ அப்போது முற்றத்தில் பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தாய். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பிள்ளை காதைப் பாத்தீங்களா நீங்க? மூளிக்காது. கூடப்பிறந்த மாமன் ஒருத்தன் இருந்தா ஆறு வயசு வரைக்கும் காது குத்தாம விட்டிருப்பானா? அவன் மாமனே இல்ல. நம்ம குத்திருவோம். நீங்க மடியில வச்சிருங்க. மடியில வச்சவன் மாமன். அதுக்கு மேல உங்க தலைவரு வாயைத் திறக்கட்டும், பாப்போம்."

நம் பக்கத்தில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு மடி இல்லை. மாமன் இல்லாத பிள்ளைக்கு முறைக்காரன் எவனாவது மடி கொடுத்தால், அன்றிலிருந்து நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவன்தான் மாமன். வியாழக்கிழமை காலையில் இல்லத்திலேயே வைத்துக்கொண்டோம். ஒருத்திக்கு மட்டும் என்றால் சந்தேகம் வரும் என்று, காது குத்தாத பிள்ளைகள் எல்லாருக்கும் ஏற்பாடு. மீரான் பாய் பாவாடைத் துணி கொடுத்தார். தலைவரை மட்டும் சாப்பிட அழைத்தோம். பாயசம் இருக்கிறது என்று சொன்னால் அவர் காரணம் கேட்கமாட்டார்.

பலகையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். பட்டுக்கரை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், கன்னத்தில் சந்தனம். உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு மினுக்கல" என்றாள். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வந்தது. ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். ஆசாரி ஊசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள், மாமன் உருகிப்போய்ச் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தார்கள். ஒரு பயல் மடியை நனைத்தான். இன்னொருத்தி என் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். கடைசியில் பேச்சி. அவள் மடியில் உட்கார்ந்தபோது ஒரு பஞ்சுப் பொதியின் கனம்கூட இல்லை. நான் கண்ணை மூடினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இல்லத்தில் இருந்த அத்தனை சத்தமும் திடீரென்று நின்றது. கண்ணைத் திறந்தேன். பிள்ளைகள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

வாசலில் அந்த ஆள். கையில் குடை, கக்கத்தில் துணிப் பொட்டலம். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். யார் சொன்னார்களோ, தெரியாது.

"என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்றார், அதே மெதுவான குரலில்.

"காதுகுத்து. என் மருமகளுக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"யாரு மருமக?"

"மடியில இருக்குதவ."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பாயச டம்ளரைக் கீழே வைத்தார். பேச்சியின் காதில் புது வளையத்தைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் வழக்கம் அவரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டது. "மடி குடுத்தாச்சு. இனிமே அவருதான் மாமன். பிள்ளையைக் குடுக்கதும் குடுக்காததும் அவரு பாடு" என்றார்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் எனக்கு வாய் நிற்காது என்று உனக்குத் தெரியும். "ஓய், நீரு சொந்தத் தாய்மாமனா இருந்தா இத்தனை வயசுக்குப் பிள்ளை காதை மூளியா விட்டிருப்பீரா? சேவு வாங்கத் தெரியுது, ஒரு வளையம் வாங்கத் தெரியலையா?" என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டேன். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஆள், "இல்ல அண்ணாச்சி, அது..." என்று வாயைத் திறந்தார். பேச்சி முதன்முறையாகக் கத்தினாள். அழுகை இல்லை அது. கிட்டங்கி முகட்டில் இருந்த புறா எல்லாம் எழுந்து பறந்தன. அவர் நிறுத்திவிட்டார். அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். உச்சி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தடத்தில், குடையை விரிக்காமலே, கண்ணுக்கு மறையும் மட்டும் போய்க்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்தோம். ஒரு சிவப்புப் பாவாடை, பேச்சியின் அளவுக்குச் சரியாக இருந்தது. "அளவெடுத்து வச்சிருக்கான் பாரு, பாவி" என்று பூரணம் அக்கா அதை அடுப்பில் போட்டாள்.

அதோடு போனவர்தான். சீனியும் வரவில்லை, அவரும் வரவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் நான் பஸ் நிலையத்தைத் தாண்டும்போது குடை வைத்திருக்கும் ஆள் ஒவ்வொருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவேன். பேச்சி பள்ளிக்கூடம் போன வருஷங்களில் ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லிப் பின்னாலேயே போயிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது முடியவே முடியாது என்று குதித்தேன்; ஊர் என்னைக் கஞ்சன், பிள்ளையை இல்லத்தில் சும்மா வேலை வாங்குகிறான் என்றது. சொல்லட்டும் என்று விட்டேன். நீ அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி, உங்கள் இரண்டு பேருக்காக. மீதிப் பாதி, இனிமேல் காவலுக்கு இன்னொரு ஆள் கிடைத்தான் என்று.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடு. உன் சேக்காளிகளில் தோள் பெருத்தவர்கள் நாலு பேரை வாசலில் நிறுத்து. வெள்ளைச் சட்டைக்காரர் எல்லாரையும் சந்தேகப்படு என்று சொல்லியிருப்பேன், ஆனால் கல்யாணத்துக்கு வருகிறவன் எல்லாம் வெள்ளைச் சட்டையில்தான் வருவான். நானும் அதில்தான் நிற்பேன். குடையைப் பார். மெதுவான குரலைக் கேள். பொண்ணுக்கு மாமன் என்று சொன்னால் உள்ளே விடாதே. மரியாதை குறைந்துவிடுமோ என்று யோசிக்காதே. மரியாதை பார்த்துத்தான் நான் பஸ்ஸில் துண்டு போட்டேன். பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் மாமன் இடத்தில் நான் நிற்பேன். அந்த இடத்துக்கு அவர் வந்துவிடக்கூடாது. எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலையில் பேச்சியை இல்லத்திலிருந்து வரச் சொல்லியிருந்தோம். கல்யாணக் கம்மலை ஆசாரி கொண்டுவந்திருந்தார். உன் அம்மா போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். ஊசி இறங்கியும் அழாமல் இருந்துவிட்டு, அந்த ஆளைக் கண்டதும் ஏன் அப்படிக் கத்தினாய் என்று கேட்டேன். அவள் கம்மல் திருகை முடுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"எல்லாப் பிள்ளையளும் அவரைப் பாத்துப் பயந்துச்சு, நானும் பயந்தேன் மாமா. ஆனா ஊசி எங்க இறங்குச்சு? ஆசாரி என் காதைத் தடவிப் பாத்தாரு, தழும்புக்குள்ள மறைஞ்சிருந்த பழைய துளையில வளையத்தை மாட்டி விட்டாரு, அம்புட்டுதான். நீங்கதான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்களே. எனக்கு மூணு வயசுலயே காது குத்தியாச்சாம். எங்க மாமன் மடியில வச்சுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா."